யூரோபைக் பயணம்: புதுப்பிப்பு

ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நடக்கும் யூரோபைக் சைக்கிள் கண்காட்சிக்கு என் மவுண்டன் பைக்கையும் கொண்டுபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொண்டுபோனேன், அதுதான் சரி.

கண்காட்சி 2022-இல் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு மாறியதில் நமக்குத்தான் லாபம்: ஊருக்குள் யூ3 ரயிலில் சைக்கிளோடு ஏறி, கடைசி நிறுத்தமான ஹோஹெமார்க்கில் இறங்கினால் டவுனுஸ் காடு, அங்கிருந்து ஃபெல்ட்பெர்க் உச்சி வரை மிதித்தே ஏறலாம்.

அரங்கில் என்னை நகரவிடாமல் நிறுத்தியது பினியன் நிறுவனத்தின் எம்ஜியூ என்ற மின்சைக்கிள் இயக்கி. மோட்டாரும் கியரும் ஒரே பெட்டிக்குள், பின்சக்கரத்தருகே டிரெய்லியர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) தொங்குவதே இல்லை. இது அவ்வளவு முக்கியமா என்று யோசித்தேன். மறுநாள் இறக்கத்தில், ஈர வேர்களுக்கு நடுவே ஒரு கல்லில் இடித்து என் டிரெய்லியர் ஹேங்கர் (டிரெய்லியரைப் பிரேமோடு இணைக்கும் சிறு உலோகத்துண்டு) வளைந்து, சங்கிலி ஆரக்கம்பிகளை உரச ஆரம்பித்தபோது நன்றாகவே புரிந்தது.

அப்புறம், போகிறவர்கள் உங்கள் பிரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.