புதுப்பிப்பு: குழாய் வழி உணவு எடுக்கும் மகளோடு தீம் பார்க் போய்வந்தோம்

வயிற்றுக் குழாய் வழியாக உணவு எடுக்கும், பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத இரண்டு வயது மகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம், நல்லபடியாக.

வாசலில் மருத்துவர் கடிதத்தைக் காட்டியதும் ஃபார்முலா உணவு, அதைக் குழாயில் செலுத்தும் பம்ப், சிரிஞ்சு எல்லாவற்றையும் உள்ளே விட்டார்கள். வெயில்தான் பெரிய கவலை. ஃபார்முலா பவுடரைத் தனியாக எடுத்துப் போய், அவ்வப்போது கொஞ்சமாகக் கரைத்து, ஐஸ் பேக்கோடு வைத்துக்கொண்டேன். அலர்ஜிக்கான எபிநெஃப்ரின் ஊசியை மட்டும் ஐஸோடு வைக்கவில்லை. அது உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. அதனால் தனிப் பையில், என் தோளிலேயே.

ராட்டினம் ஏறும் முன் குழாயில் தண்ணீர் விட்டு, இணைப்பைக் கழற்றிவிட்டோம். வயிற்றில் குழாயை மாட்டும் பொத்தானின் மேல் சீட் பெல்ட் அழுத்தாத சவாரிகளில் மட்டும்தான் ஏற்றினோம்.

ஒரே ஒரு முறை நெஞ்சு பதறியது. வரிசையில் யாரோ சிந்திய ஐஸ்கிரீம் கம்பியில் ஒட்டியிருக்க, பாப்பா அதைப் பிடித்துவிட்டாள். கை வாய்க்குள் போகும் முன் பிடித்துக்கொண்டேன். சானிடைசர் ஜெல் அலர்ஜிப் புரதத்தை நீக்காது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினோம். கன்னத்தில் மட்டும் இரண்டு சிவப்புத் தடிப்பு வந்து அடங்கியது.

மாற்றுக் குழாய் கொண்டுபோகச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி. தேவைப்படவில்லை, ஆனாலும் அது கையில் இருந்ததால்தான் நிம்மதியாக நடந்தேன். மாலையில் தள்ளுவண்டியில் பம்ப் ஓட, பாப்பா அணிவகுப்பைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.