டேலிக்காக என்எய்ட்என்னில் தனி நோடு எழுதத்தான் வேண்டுமா?

பேரேடு:
எங்கள் கடைக்கு இணையத்தில் வரும் ஆர்டர்களை, டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் விற்பனை வவுச்சர்களாக, அதாவது கணக்குப் பதிவுகளாக, தானாகவே பதிய, வேலைகளைத் தானியக்கமாக்கும் என்எய்ட்என் (n8n) என்ற மென்பொருளை அமைத்து வருகிறோம். அதில் ஒவ்வொரு படியும் ஒரு நோடு; நோடுகளின் தொடர் ஒரு வொர்க்ஃப்ளோ. டேலியை சர்வராக இயக்கினால் அது 9000 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை எழுதும் வடிவம்) கோரிக்கைகளை ஏற்கும். எனவே கோரிக்கை அனுப்புவதற்கென்று ஏற்கெனவே உள்ள ஹெச்டிடிபி ரெக்வெஸ்ட் நோடு ஒன்றே போதும் என்கிறேன் நான். தனி நோடு எழுதியே தீர வேண்டும் என்கிறார் எங்கள் நிரலாளர். நான்கு பேர் மட்டுமே உள்ள இடத்தில், அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த டைப்ஸ்கிரிப்ட் நிரலை யார் பார்த்துக்கொள்வது?

தறிநூல்:
நான் உங்கள் நிரலாளர் பக்கம். ஹெச்டிடிபி ரெக்வெஸ்ட் நோடு, 200 (கோரிக்கை வெற்றி என்பதற்கான எண்) என்ற விடை வந்தாலே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. டேலியோ வவுச்சரை ஏற்க மறுத்தாலும் 200 என்றே சொல்லிவிட்டு, மறுப்பை எக்ஸ்எம்எல்லுக்குள் லைன்எரர் என்ற குறிச்சொல்லில் வைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு லெட்ஜரின் (கணக்குத் தலைப்பின்) பெயரை நாங்களே தவறாக எழுதியிருந்ததால், மூன்று நாள் விற்பனை பதிவாகாமல் போனது; வொர்க்ஃப்ளோவில் எல்லாம் பச்சையாகவே தெரிந்தன. தேதியை 20250401 என்ற வடிவில் தருவது, பற்றுத் தொகைக்குக் கழித்தல் குறி இடுவது, விடையில் உள்ள பிழை எண்ணிக்கையைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்துவது ஆகியவற்றை ஒரே இடத்தில் எழுதிச் சோதித்து வைப்பதற்குத்தான் தனி நோடு.

பேரேடு:
நீங்கள் சொல்லும் ஆபத்தை ஏற்கிறேன், தீர்வை ஏற்கவில்லை. விடையை எக்ஸ்எம்எல் நோடில் பிரித்து, நிபந்தனை பார்க்கும் இஃப் நோடில் பிழை எண்ணிக்கையைச் சரிபார்த்து, இந்த முழுவதையும் ஒரு துணை வொர்க்ஃப்ளோவாக வைத்துவிட்டால், மற்ற வொர்க்ஃப்ளோக்கள் அதையே அழைத்துக்கொள்ளும். நிரல் தெரியாத எங்கள் கணக்கரும் அதைத் திறந்து, எந்தப் படியில் நின்றது என்று பார்க்க முடியும். மேலும், தனி நோடு எழுதுவதற்கான எளிமையான டிக்ளரேட்டிவ் முறை (பெரும்பாலும் அமைப்புகளை மட்டும் குறிப்பிடுவது) ரெஸ்ட் ஏபிஐகள் எனப்படும் இணையச் சேவை இடைமுகங்களுக்காக அமைந்தது. டேலிக்கு, நோடு ஓடும்போது செய்ய வேண்டியதைச் சொல்லும் எக்ஸிக்யூட் செயற்கூற்றை முழுதாக நாமே எழுத வேண்டியிருக்கும்; அது சிறிய வேலையல்ல.

தறிநூல்:
சிறிய வேலையல்லதான். ஆனால் நாளை சரக்கு இருப்பு, ரசீது, கொள்முதல் என்று சேரச் சேர, அந்தத் துணை வொர்க்ஃப்ளோவில் இஃப் நோடுகள் பெருகும். தனி நோடில் பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு புதிய பதிப்பைச் சேர்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஃப்ளோக்கள் பழையதிலேயே ஓடும்.

மலையருவி:
இருவரும் மறு முயற்சியை விட்டுவிட்டீர்கள். டேலி வவுச்சரைப் பதிந்துவிட்டு, விடை வந்து சேருமுன் இணைப்பு அறுந்தால், மறு முயற்சியில் அதே விற்பனை இரண்டாம் முறை பதிவாகக்கூடும். நோடானாலும் துணை வொர்க்ஃப்ளோவானாலும், அந்த ஆர்டர் எண் ஏற்கெனவே டேலியில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். இன்னொன்று: அந்தப் போர்ட் கடவுச்சொல் கேட்பதில்லை. என்எய்ட்என் வேறு இடத்தில் ஓடினால் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டுமே இணையுங்கள்.

பேரேடு:
ஆர்டர் எண் சரிபார்ப்பை இன்றே முதல் படியாகச் சேர்க்கிறேன், ஐயா. விற்பனை வவுச்சர் மட்டும் இருக்கும் வரையில் துணை வொர்க்ஃப்ளோவே இருக்கட்டும். சரக்கு இருப்பைச் சேர்க்கும் நாளில், தறிநூல் சொன்னபடி தனி நோடுக்கு மாறுவதைப் பற்றி எங்கள் நிரலாளருடன் மீண்டும் பேசுகிறேன்.