காவேரி காபி ரகத்திலும் இலைத்துரு நோய் வருகிறது, சேர்க்கையே இல்லாத பூஞ்சை எப்படி மாறும்?

வத்தல்மலைக்காரன்:
எங்கள் காட்டில் சில்வர் ஓக் நிழலில் இருப்பது காவேரி. துரு தாங்கும் என்று நம்பித்தான் அப்பா வைத்தார். இப்போது இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சுப் பொடி, விரலில் ஒட்டுகிறது. பக்கத்துக் காட்டில் பழைய எஸ்.795 காபி ரகம், அதிலும் அதேதான். தர்மபுரியில் மருந்துக்கடையில் கேட்டதற்கு "பூஞ்சை மாறிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்தப் பூஞ்சைக்கு ஆண், பெண் சேர்க்கையே கிடையாது, பொடி பறந்துதான் பரவுகிறது என்று படித்தேன். அப்படியென்றால் எல்லாமே ஒன்றின் நகல்தானே, நகல் எப்படிப் புது ரகத்தை ஏமாற்றும்?

ஊத்தங்கரை_பயிர்நோய்:
நல்ல கேள்வி தம்பி, ஆராய்ச்சி செய்பவர்களே இன்னும் சண்டை போடுகிற இடம் இது. இந்தத் துருப் பூஞ்சை ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயரில் 1869-ல் இலங்கை இலைகளில் இருந்து விவரிக்கப்பட்டது. அந்த ஆரஞ்சுப் பொடி யுரிடினியோஸ்போர் என்ற வித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு உட்கரு. ஈர இலையில் முளைத்து, இலையடித் துளை வழியாக நுழைந்து, மறுபடி அதே பொடியையே கக்கும். இன்னொரு வகை வித்தும் உண்டு, டீலியோஸ்போர், அதில்தான் முறைப்படி உட்கருக்கள் சேர்ந்து பிரியும், ஆனால் அதில் பிறக்கும் பேசிடியோஸ்போர் காபியைத் தாக்குவதில்லை. கோதுமைத் துருவுக்கு பார்பெரி செடி இருப்பதுபோல் இதற்கு இடைச்செடி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் "சேர்க்கை இல்லை" என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஆனால் 2011-ல் வந்த ஒரு ஆய்வு, யுரிடினியோஸ்போருக்குள்ளேயே உட்கருக்கள் சேர்ந்து பிரிவதற்கான தடயத்தைக் காட்டியது. மறைவாக ஒரு சேர்க்கை. 2018-ல் மரபணுத் தொகுதியைப் பார்த்தவர்கள் மூன்று பெரிய கிளைகளைப் பிரித்தார்கள்: இரண்டு இருமடிய (இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ள) காபியில், ஒன்று அராபிகாவிலும் அதன் கலப்புகளிலும். கிளைகளுக்கு இடையே மரபணு கலந்த அடையாளமும் கிடைத்தது. முழு நகல் இல்லை.

மலைக்காபி_ஏற்காடு:
சேர்க்கை இல்லாவிட்டாலும் போதும் என்பது என் கருத்து. ஒரு மரத்தில் இருக்கும் பொடியை எண்ண முடியுமா? அத்தனையில் ஒன்றில் ஒரு மரபணு தவறினாலும், காபிச் செடி அதை அடையாளம் காணாமல் விட்டுவிடும், அப்புறம் மழை, காற்று, பறிக்கிற ஆளின் சட்டை எல்லாம் மிச்ச வேலையைப் பார்க்கும். கென்ட்ஸ் ரகத்தை மைசூர்ப் பகுதியில் 1911-ல் தேர்ந்தெடுத்தார்கள், முதலில் நன்றாகத் தாங்கியது, பிறகு பூஞ்சையில் புது இனம் வந்து அதையும் சாய்த்தது. எஸ்.795-ல் லைபீரிகா என்ற வேறு காபி இனத்தின் வழி வந்த எதிர்ப்பு இருந்தும் அதே கதை. காவேரிக்குத் தாங்கும் குணம் கொடுத்தது 1927-ல் திமோர் தீவில் கிடைத்த அராபிகா-ரோபஸ்டா கலப்பு. அதையும் உடைக்கிற பூஞ்சை இனங்கள் உலகின் பல இடங்களில் வந்துவிட்டன. பூஞ்சையில் ஐம்பதுக்கு மேல் இனங்களைப் போர்ச்சுகலில் உள்ள காபித் துரு மையம் பதிவு செய்திருக்கிறது. ஒரே ரகத்தை மலை முழுக்க வைப்பதே நோய்க்குப் பெரிய அழைப்பு.

வத்தல்மலைக்காரன்:
சரிங்க, சந்திரகிரி ரகம் வைத்தால் பிரச்சினை தீருமா? அதுவும் அந்தக் கலப்பில் இருந்து வந்ததுதானே?

ஊத்தங்கரை_பயிர்நோய்:
ஆமாம், அதற்கும் திமோர் ரத்தம்தான், வில்லா சார்ச்சி என்ற அராபிகா ரகத்தோடு சேர்த்தது. வையுங்கள், ஆனால் அதை மட்டுமே வைக்காதீர்கள். மற்றபடி, காவேரியில் வந்தது என்றால் உடனே புது இனம் என்று முடிவு கட்டாதீர்கள். நாற்றங்கால் விதை எங்கிருந்து வந்தது? காட்டில் இஷ்டத்துக்கு விழுந்த விதையில் முளைத்த காவேரியில் குணம் பிரிந்துபோய், சில செடி தாங்கும், சில தாங்காது. தாங்கிய செடியையும் நோயில் விழுந்த செடியையும் குறித்து வையுங்கள், அதுவே பாதி பதில்.

மலைக்காபி_ஏற்காடு:
பூஞ்சை இனம் எதுவானாலும் போர்டோ கலவை என்ற செம்பு மருந்துக்குக் கவலையில்லை. 200 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. தென்மேற்கு மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை. பெரும்பாலானோர் மேலே மட்டும் அடித்துவிட்டு மருந்தைத் திட்டுகிறார்கள். நோய் நுழைவது அடியில். தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்க.