சத்ரியா ஜிடிஐக்கு வீட்டிலேயே கிளட்ச் மாற்றியபோது

கிளட்ச் தேய்ந்தால் புதுத் தட்டை வாங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அது ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மூடினால், அதே கியர்பாக்ஸை விரைவிலேயே மறுபடியும் இறக்க நேரும். இதை எனக்குக் கண்ணெதிரே காட்டியவர், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கும் ஒரு மாமா. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர், லாரி என்று பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்.

என்னுடையது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998இல் அறிமுகமான மூன்று கதவு வண்டி, 1.8 லிட்டர் மிட்சுபிஷி இன்ஜின், ஏறத்தாழ 140 குதிரைத்திறன், ஐந்து கியர். ஈப்போவிலிருந்து வடக்கே வரும்போது நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் ஓர் ஏற்றம் வரும். அங்கே ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்று முள் மட்டும் விர்ரென்று ஏறியது. வண்டியின் வேகம் கூடவில்லை. உயர் கியரில், பாரத்தோடு, ஏற்றத்தில் செல்லும்போதுதான் கிளட்சின் நழுவல் முதலில் தெரியும். பிறகு கருகல் வாடையும் வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வீட்டு முன்தாழ்வாரத்தில், சனிக்கிழமை பசியாறிய கையோடு வேலையைத் தொடங்கினோம். பேட்டரி, அதன் தட்டு, காற்று வடிகட்டிப் பெட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார், பிறகு சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இவையெல்லாம் பொறுமை கேட்கும் வேலைகளே தவிர, கடினமானவை அல்ல. கியர்பாக்ஸை எடுத்தால் இன்ஜினின் ஒரு பக்கம் தொங்கிவிடும் என்பதால், எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுத்தோம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தும்வரை மாமா என்னை அடியில் போகவே விடவில்லை. “ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை” என்று அதட்டினார்.

கியர்பாக்ஸ் கீழே வந்ததும் நான் தட்டைக் கழற்றப் பாய்ந்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, தட்டு எங்கும் ஓடிவிடாது. முதலில் இந்த ஈரத்தைப் பார்.”

கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்கின் உட்சுவர் முழுவதும் தூசியும் எண்ணெயும் குழைந்து கருஞ்சேறாக அப்பியிருந்தது.

“கியர் எண்ணெயா மாமா, இன்ஜின் எண்ணெயா?”

விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். “கியர் எண்ணெயாக இருந்தால் கந்தக நெடி மூக்கைத் துளைத்திருக்கும். இதில் அது இல்லை.” அடுத்து டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். கியர்பாக்ஸின் உள்வரும் தண்டைச் சுற்றிக் காய்ந்தே கிடந்தது. கிளட்ச் தட்டு அழுந்திப் பிடிக்கும் கனத்த சக்கரமான பிளைவீலைக் கழற்றியபோது அதன் பின்னால், கிராங்க் ஷாஃப்ட் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலுக்குக் கீழே ஈரம் வழிந்த தடம் நன்றாகத் தெரிந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய்தான் சுழற்சியில் சிதறித் தட்டில் பட்டு, பிடியைக் கெடுத்திருக்கிறது. பிடி போன தட்டு நழுவும், நழுவினால் சூடேறும், சூடேறினால் இன்னும் வேகமாகத் தேயும். என் தட்டில் ரிவெட் தலைகள் வரை உராய்வுப் பரப்பு கரைந்திருந்தது. பிளைவீலில் மயில்கழுத்து நிறத்தில் சூட்டுத் திட்டுகள். விரிசல் இல்லாததால் ஈப்போவில் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து முகத்தைச் சமன்செய்து வாங்கினோம்.

சீலையும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றினோம். தட்டின் விலையோடு ஒப்பிட்டால் சீலுக்கு ஆவது அற்பக் காசு. பழைய தட்டின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; பழைய காலத்துத் தட்டுகளில் மூச்சோடு உள்ளே போனால் ஆபத்தான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. நனைத்துத் துடைப்பதே நல்லது.

ஆறு துண்டுச் செராமிக் தட்டைப் போடச் சொல்லி நண்பர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். அது அதிக விசையையும் சூட்டையும் தாங்கும், உண்மைதான். ஆனால் பாதிப் பிடி என்பதே அதில் அரிது. பட்டென்று கவ்வும், முதல் கியரில் வண்டி குலுங்கும். காலையில் பள்ளிக்கூட வாசல் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டிய வண்டிக்கு அது எதற்கு? இன்ஜினில் கை வைக்காத ஜிடிஐக்கு ஆலைத் தரத்துச் சாதாரணத் தட்டே தாராளம் என்பது என் கருத்து.

உண்மையான போராட்டம் கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றுவதில்தான். தட்டை மையப்படுத்தும் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். மாமா இரண்டு நீள போல்ட்டுகளின் தலையை அறுத்து, இன்ஜின் பக்கத்து ஓட்டைகளில் வழிகாட்டிகளாகத் திருகிவிட்டார். அவற்றின் மேல் கியர்பாக்ஸ் நேராக வழுக்கிச் சென்றது. கடைசி விரற்கடை இடைவெளி மூடாதபோது போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் உறை விரிசல் விடலாம். பாரம் முழுவதையும் தட்டின் நடுவில் தொங்கவிட்டால் தட்டு வளைந்துவிடும். இன்ஜினைக் கையால் சற்றே திருப்பிப் பார்த்ததும் உள்வரும் தண்டின் பற்கள் தட்டின் பற்களோடு ஒத்துக்கொண்டு உள்ளே போயின.

புதுத் தட்டு படிய வேண்டும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலை வேகம் வேண்டாம், பழைய சாலையிலேயே நின்று நின்று போய் வா என்றார் மாமா. அப்படியே செய்தேன்.

ஒன்று விட்டுப்போனது. கியர் எண்ணெயை வடிப்பதற்கு முன் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து இறுகிக் கிடப்பது தெரிந்தால் அன்றைய பொழுது அதோடே போய்விடும்.