புது ஐபேட் ப்ரோ: மகளுக்காக 1,30,000 ரூபாய் போடலாமா?

சுவரெழுத்து (கும்பகோணம்) – 27 மே 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் 26 வருஷமா போர்டு எழுதுற வேலை பார்த்தவன். கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரிக்குப் பின்னாடி எழுத்து எல்லாம் கையால எழுதினது. இப்போ ஒரு ஃபிளெக்ஸ் கடையில உட்கார்ந்து கோரல்டிராவுல டிசைன் போடுறேன்.

மகள் பிளஸ் டூ முடிச்சிட்டா. இங்க இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுறோம். நல்லா வரைவா. கோயில் தூண்ல இருக்கிற யாளியைப் பார்த்து பென்சில்ல நிழலோட வரைஞ்சிருந்தா. எங்க முதலாளி அதைக் கேட்டு வாங்கிக் கடையில மாட்டி வெச்சிருக்கார்.

அவ கேக்குறது இந்த மாசம் 7-ம் தேதி ஆப்பிள் அறிவிச்ச புது ஐபேட் ப்ரோ. 13 அங்குலம் 1,29,900 ரூபாய். பேனா தனியா 11,900. இதுவரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததே இல்லைன்னு வீடியோ போடுறவங்க எல்லாம் பேசுறாங்க. விளம்பரத்தையும் காட்டினா. பியானோ, கித்தார், பெயிண்ட் டப்பாவெல்லாம் ஒரு பெரிய பிரஸ்ஸுக்குள்ள வெச்சு நசுக்குறாங்க. பெயிண்ட் பீறிட்டு வழியுது. கடைசியில அந்த டேப் வெளியே வருது. எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. மகளுக்கு முன்னாடி ஒண்ணும் சொல்லல.

சீட்டு எடுத்த பணம் 1,40,000 கையில இருக்கு. ஆனா என் பயம் பணத்தைப் பத்தி மட்டும் இல்ல. எங்க ஊருக்கு ஃபிளெக்ஸ் மெஷின் வந்தப்போ, "வெயில்ல வெளுத்துடும், எனாமல் எழுத்துக்கு ஈடாகாது"ன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். மூணே வருஷம். அதுக்கப்புறம் போர்டு எழுதச் சொல்லி யாரும் கூப்பிடல. கம்ப்யூட்டர் கத்துக்கிறதுக்குள்ள வீட்ல நகை எல்லாம் அடகுக்குப் போயிடுச்சு. அன்னைக்கு நம்பாம இருந்து கெட்டேன். என்னால மகளும் பின்தங்கிடக் கூடாது. அதே சமயம் ஊர் சொல்றதை நம்பி, சீட்டுப் பணத்தையும் விட்டுடக் கூடாது. இதைக் கையில வெச்சு வரைஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க. சொல்ற அளவுக்கு இருக்கா?

---

திருச்சி_மாணவன் – 27 மே, இரவு 10.15

அங்கிள், நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். சிப்பைப் பத்தி மட்டும் சொல்றேன். ஆப்பிளோட எம்4 சிப், அவங்க மேக் கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே இதுலதான் வந்திருக்கு. நிறைய லேப்டாப்பை விட வேகம். அஞ்சாறு வருஷம் தைரியமா ஓட்டலாம். பணம் இருந்தா எடுத்துக் கொடுங்க. படிப்புக்குத்தானே.

---

கோடும்_நிறமும் (சென்னை) – 28 மே, காலை 6.30

வணக்கம் அண்ணா. உங்கள் கேள்வியை ராத்திரியே படித்துவிட்டேன். அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை.

நான் எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். பதினோரு வருஷமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைகிறேன். 2018-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில்தான் இன்றும் என் வேலை நடக்கிறது. அனிமேஷன் செய்யும் தோழி ஒருத்தி நீங்கள் சொல்கிற புது 13 அங்குலத்தை வாங்கியிருக்கிறாள். போன வாரம் முழுக்க அது என்னிடம்தான் இருந்தது. ஒரு கதைக்கு ஆறு பக்கம் அதிலேயே வரைந்து முடித்தேன்.

முதலில் அதன் நல்ல பக்கம். அதன் திரையைப் போல் ஒரு திரையில் நான் இதுவரை வரைந்ததில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி படலத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே அடுக்கில் வெளிச்சத்தை இவ்வளவு ஏற்ற முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ராத்திரிக் காட்சி ஒன்று வரைந்தேன், கிணற்றடியில் ஒரு குழந்தை. கறுப்பு என்றால் விளக்கணைத்த அறையின் கறுப்பு. என் பழைய திரையில் கறுப்பு சாம்பல் பூத்துத்தான் தெரியும். கனமும் குறைவு: இது 579 கிராம், என்னுடையது 631. பருமன் 5.1 மில்லிமீட்டர்தான். மடியில் வைத்து நாலு மணி நேரம் வரைகிற எனக்கு அந்த ஐம்பது கிராம் மணிக்கட்டில் தெரிந்தது.

பேனாவும் உயர்ந்திருக்கிறது. உடம்பை அழுத்திப் பிடித்தால் கருவிப் பட்டியல் வருகிறது. விரலுக்குள் உருட்டினால் தட்டைப் பிரஷ்ஷின் வாய் திரும்புகிறது. இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். தட்டைப் பிரஷ்ஷால் 'ழ'வுக்குச் சுழி போடும்போது மணிக்கட்டை அசைக்காமல் காம்பை மட்டும் விரலில் உருட்டுவீர்கள் இல்லையா, அந்த அசைவை இந்தப் பேனா உணர்கிறது. நான் முதல் நாள் அதில் தமிழ் எழுத்தாகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பேனா இந்த ப்ரோவுக்கு மட்டும் வரவில்லை. அதே நாளில் அறிவித்த ஐபேட் ஏரிலும் அதே பேனா வேலை செய்யும். ஏர் 11 அங்குலம் 59,900, 13 அங்குலம் 79,900. விளம்பரத்தின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பிறகு திரை. நான் வரைந்த ஆறு பக்கமும் அச்சுக்குப் போகிறவை. சோதனைக்காக ஒரு பக்கத்தை மேப்லித்தோ தாளில் அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிணற்றடிக் கறுப்பு தாளில் இல்லை. நாலு மை கலந்து தாளில் விழுகிற நிறத்துக்கு ஒரு எல்லை உண்டு. பின்னாலிருந்து ஒளி வீசும் கண்ணாடிக்கு அந்த எல்லை கிடையாது. திரை நன்றாக ஆக ஆக இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. நீங்களும் ஃபிளெக்ஸ் கடையில் தினம் பார்ப்பீர்கள்: மானிட்டரில் பளீரென்ற பச்சை, மெஷினிலிருந்து வரும்போது வாடிப்போய் வரும். என் தோழியின் வேலை திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடிகிறது. அவளுக்கு இந்தப் பணம் தகும். அச்சுக்கு வரைகிற நான், என் சொந்தப் பணத்தைப் போட மாட்டேன்.

வேகம் பற்றித் தம்பி சொன்னது சரிதான். கூடவே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சேமிப்பிடம் 256, 512 ஜிபி உள்ள மாடல்களில் நினைவகம் (ரேம்) 8 ஜிபி. 1 டிபிக்கு மேல் போனால்தான் 16. படம் வரைகிறவர்களுக்கு அந்த நினைவகம் முக்கியம். புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் ஒரு படத்துக்கு எத்தனை அடுக்கு (லேயர்) கிடைக்கும் என்பதை அதுவும் தாளின் அளவும்தான் முடிவு செய்யும். ஏரிலும் 8 ஜிபிதான். கூசாத மேட் கண்ணாடியும் 1 டிபி, 2 டிபி மாடல்களுக்கு மட்டும், அதற்கும் தனிக் காசு. விளம்பரம் ஒரு பொருளைக் காட்டுகிறது, 1,29,900-க்குக் கையில் வருவது அதற்கு ஒரு படி கீழே.

இதை வாங்கினால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீங்கள் கடையில் ஓட்டுகிற கோரல்டிரா அப்படியே முழுசாக இதில் ஓடாது. ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் ஐபேடில் உண்டு, ஆனால் கணினியில் இருக்கிற எல்லா வசதியும் அவற்றில் இல்லை. மேல் வகுப்புக்குப் போனால் மகளுக்கு ஒரு கணினி தேவைப்படும். அதற்கும் அந்த 1,40,000-இலிருந்துதானே எடுக்க வேண்டும்?

அந்த விளம்பரம் உங்கள் வயிற்றைப் பிசைந்ததில் ஒரு தவறும் இல்லை அண்ணா. உலகம் முழுக்கக் கலைஞர்கள் கொதித்தார்கள். இரண்டே நாளில் ஆப்பிள் வருத்தம் தெரிவித்தது, தொலைக்காட்சியில் போடுவதில்லை என்றும் முடிவு செய்தது. எனக்கும் அந்த வண்ண டப்பாக்கள் நசுங்கியதைப் பார்க்க முடியவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் பூரா எங்களுக்குக் கரித்துண்டும் பென்சிலும் நீர்வண்ணமும்தான். ஒரு மண்சட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்க வரையச் சொல்வார்கள். இன்றைக்கு ஐபேடில் நான் வைக்கிற நிழல் எல்லாம் அந்தச் சட்டியிலிருந்து வந்தது.

கடைசியாக உங்கள் பயம். ஃபிளெக்ஸ் வந்தபோது ஒரு போர்டுக்கு ஆன காசும் நாளும் சரிந்துவிட்டன, அதனால்தான் வாடிக்கையாளர் பிரஷ்ஷை விட்டுப் போனார். வரைகிற டேப்பில் அந்த அளவுக்கு ஒரு மாற்றம் எனக்குத் தெரிந்து 2015-இல் முதல் ஆப்பிள் பென்சில் வந்தபோது நடந்தது. ஸ்கேன் செய்கிற வேலையே எங்களுக்கு ஒழிந்தது. இந்த வருஷம் நடந்திருப்பது அது இல்லை. ஆறு வருஷப் பழசை வைத்திருக்கிற எனக்கு ஒரு பதிப்பகமும் வேலையை நிறுத்தவில்லை. உங்கள் மகள் 2024 ப்ரோ இல்லாததால் பின்தங்க மாட்டாள். என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்கிறேன்.

---

நாகை_கடலோரம் – 28 மே, காலை 11.05

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஆப்பிள்தான் வேணும்னு இல்லைன்னா சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ பாருங்க. போன வருஷம் 36,999-க்கு வந்தது. பேனா பெட்டிக்குள்ளயே வருது. வரையறதுக்கு அந்தப் பேனாவுக்கு சார்ஜே வேண்டாம். தண்ணி, தூசி தாங்கும், எனக்கு அதுதான் பெருசு. படகுத் துறையில உட்கார்ந்து வரையறேன், உப்புக் காத்து. புரோகிரியேட் மட்டும் ஆண்ட்ராய்டுல கிடையாது. கிரிட்டான்னு ஒரு வரையற செயலி இலவசம், அதுலதான் வரையறேன். விரல்ல தொட்டு வேலை செய்ய பட்டனெல்லாம் சின்னதா இருக்கும், பழகிக்கணும்.

---

சர்வீஸ்_டேபிள் (மதுரை) – 28 மே, மதியம் 2.20

நான் மொபைல், டேப் சர்வீஸ் பண்றவன். எதை வாங்கினாலும் முதல் நாளே கவர் போட்டுடுங்க. பஸ்ல போற காலேஜ் பிள்ளைங்க டேப் என்கிட்ட வர்றது முக்கால்வாசி மூலை அடிபட்டு, கண்ணாடி போய்த்தான். ஓஎல்இடி திரை உடைஞ்சா சாதாரணத் திரையை விட செலவு கூட. இன்னொண்ணு, அந்த புது ப்ரோவுல ஆப்பிளோட முந்தைய பேனா, பென்சில் 2, வேலை செய்யாது. கேமராவை நீளவாக்கு ஓரத்துக்கு மாத்தினதுல பேனா ஒட்டி சார்ஜ் ஏறுற அமைப்பும் மாறிடுச்சு. புது ஏருக்கும் அதேதான். செகண்ட் ஹேண்ட்ல பழைய பேனா மலிவா கிடைக்குதுன்னு யாராவது கொடுத்தா வாங்கிடாதீங்க.

---

சுவரெழுத்து – 28 மே, இரவு 10.50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடையை மூடிட்டு வந்து மகளைப் பக்கத்துல உட்கார வெச்சு எல்லாத்தையும் படிக்கச் சொன்னேன். மண்சட்டி விஷயத்தை ரெண்டு தடவை படிச்சா. தங்கச்சி, அந்த ராத்திரிக் கிணத்தடிப் படத்தைப் பார்க்கணும்னு ஆசைப்படுறா. புத்தகம் வந்ததும் பேர் மட்டும் சொல்லுங்க, வாங்கிக்கிறோம்.

ஏர் போதும்னு அவளே சொல்லிட்டா. ஆனா 13 அங்குலம்னு பிடிவாதமா நிக்கிறா. 20,000 வித்தியாசம். பெருசு தேவையா? தட்டைப் பிரஷ் மாதிரி உருட்டலாம்னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் நானும் ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கணும்னு தோணுது. பிரஷ்ஷைக் கையில எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு.

---

கோடும்_நிறமும் – 29 மே, காலை 6.10

அண்ணா, பெரிய திரை கேட்கிறாள் என்றால் கையை முட்டியிலிருந்து வீசி வரைகிறவளாக இருப்பாள். யாளியை எந்த அளவுத் தாளில் வரைந்தாள் என்று பாருங்கள். முழு சார்ட்டில் வரைந்திருந்தால் 13 வாங்கிக் கொடுங்கள். நோட்டு அளவில் வரைகிறவள் என்றால் 11 தாராளம்.

இன்றைக்கே பணம் கட்ட வேண்டாம். இடம் கிடைத்துவிட்டால் மாணவர் விலையில் வாங்கலாம்: 13 அங்குல ஏர் 74,900, பேனா 10,900. இரண்டும் சேர்த்து 85,800. மீதி கணினிக்கு இருக்கட்டும். அதுவரை தினம் ஒரு மணி நேரம் கரித்துண்டில் வரையச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கடையில் வரைந்து பார்க்க ஒன்று வெளியே வைத்திருப்பார்கள். வெறும் கண்ணாடியில் பேனா வழுக்கும், சுவர் பிடிக்கிற மாதிரி பிடிக்காது. தாள் போன்ற சொரசொரப்புப் படலம் ஒட்டியது இருந்தால் அதையும் கேட்டு வாங்கி எழுதிப் பாருங்கள். புரோகிரியேட்டில் தட்டைப் பிரஷ்ஷை எடுத்து, முதலில் ஒரு 'ழ' போடுங்கள்.

---

சுவரெழுத்து – 29 மே, காலை 7.25

முழு சார்ட்டுதான் தங்கச்சி. இப்போதான் கடையைத் திறந்து பார்த்தேன்.