தரங்கம்பாடி போய் வந்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க. நாங்கள் கோபி பக்கம். அடுத்த மாதம் அப்புச்சிக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். முடிந்த மறுநாள், பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடிக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.

அப்புச்சி ஈரோட்டில் முப்பது வருடம் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்த கட்டைவிரல் இன்னும் அப்படியே இருக்கிறது. 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊர் என்றதும், "கோட்டை கெடக்குது, அச்சு இருந்த இடத்தக் காட்டு" என்கிறார். அதை அச்சடித்த பாதிரியார் சீகன்பால்கு பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் பழைய அச்சுப்பொறி ஏதும் பார்க்கக் கிடைக்குமா? பெரியவர்கள் ஏறி இறங்கப் படி அதிகமா?

1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எந்தக் கிழமை விடுமுறை? பக்கத்தில் கடலோரமாக மாசிலாமணிநாதர் கோயில். பாதியைக் கடல் கொண்டுபோன பிறகு இப்போது எப்படி இருக்கிறது?

போவது ஈரோட்டிலிருந்து ஜனசதாப்தியில் மயிலாடுதுறை வரை, அது முடிவாகிவிட்டது. அப்புறம் ஆறு பேருக்கு வேனா, பஸ்ஸே போதுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒரு இடம் சொல்லுங்க. அம்மச்சி மீன் வாடை பட்டாலே எழுந்துவிடும், அதனால் சுத்த சைவமாக இருக்கணும்.