புதுப்பிப்பு: எங்கள் பேஸ்பால் சிமுலேஷன் லீக் டிராஃப்ட்

பழைய சீசன்களிலிருந்து நிஜ வீரர்களை எடுத்து, அந்த சீசனின் புள்ளிவிவரத்தை வைத்து நண்பர்கள் எட்டுப் பேர் கற்பனையாக ஆடும் லீக் இது. டிராஃப்ட் (வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முடிந்ததும், 2000 சீசனின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பெட்ரோ மார்டினஸை எடுத்த அணிக்கு முதலிடம் கொடுத்திருந்தேன். 1.74 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்ச்சர் கொடுக்கும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது), வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இருபது ஆட்டம் ஓடிய பிறகு கணக்கை மாற்றுகிறேன். ஸ்டார்ட்டிங் பிட்ச்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர், ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். பந்தை அடிக்கும் 2004 பாரி பாண்ட்ஸ் தினமும் ஆடுகிறார். அந்த சீசனில் அவருக்கு 232 வாக் (தவறான பந்து நான்கு வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), ஆன்-பேஸ் (அவுட் ஆகாமல் பேஸ் சேரும் விகிதம்) .609! நேற்று இரவு நான்கு முறை அடிக்க வந்தார், நான்கும் வாக். அடுத்து வந்தவரின் டபுளில் (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் அடி) இரண்டு தடவை ஹோம் சேர்ந்து ரன் எடுத்தார்.

அப்புறம், ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) ஃபீல்டிங் செய்யும் 1987 ஓஸி ஸ்மித்தை எடுத்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஹோம் ரன் வராது என்று மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். அவர் அணிதான் இப்போது இரண்டாமிடம். ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு போகும் பந்து எதுவும் தாண்டுவதில்லை.